முதலில் போட்ட பட்டாபிஷேகம்

என் வீட்டுக்காரர் கதை படிச்சா கடைசி லயம் வரைக்கும் கேட்கும். ஆனா உட்கார்ந்து கேட்கிற ஆள் நான் ஒருத்திதான்.

மலாயாவுல கோலா கெத்திலுக்கு உள்ளே தள்ளி எங்க ரப்பர் தோட்டம். பேராக்குல பொறந்து வளர்ந்த என்னைக் கட்டிக் கூட்டிட்டு வந்து எட்டு மாசம்கூட ஆகலை. தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற வரிசை வீடுதான் லயம்; அங்கே எனக்கு ஒருத்தரையும் தெரியாது. பால்மரம் சீவிட்டு வந்து, குளிச்சு, வெயில் சாயிற நேரத்துல வாசல்ல ஒரு சாக்கை விரிப்பாரு. கையில தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். நாளுக்கு ரெண்டு மூணு பக்கம் படிப்பாரு. அதுக்கு மேல கெஞ்சினாலும் கிடைக்காது.

அரக்கி ஒருத்தி சூரியனைப் பிடிச்சு மலைக்குகையில அடைச்சுடுறா. நாடே இருட்டு. கல்யாணமான புதுசுல இருக்கிற இளவரசன், பொண்டாட்டியைக் கடற்கரையில விட்டுட்டு, சூரியனை மீட்கப் போறான். ஏழு காடு தாண்டணும். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு காவல். நிழலே இல்லாத பட்டாளம், ஊரையே முழுங்குற மீன், பாட்டுப் பாடினா வழிவிடுற மரம் இப்படிப் போகும் கதை. அவர் அரக்கியாவே மாறிக் கத்துவாரு. பக்கத்து வீட்டுக் குழந்தை அழும்.

இங்கே ஒண்ணு ஒப்புக்கணும். எனக்கு எழுத்து தெரியும். நாலு வகுப்பு படிச்சவ. அதை அவர்கிட்ட நான் மூச்சு விடலை. தெரிஞ்சா, "இந்தா, நீயே படிச்சுக்கோ"ன்னு நீட்டிட்டுப் போயிடுவாரோன்னு பயம். பேசத் தெரியாத மனுஷன் அவர். அந்தப் புத்தகம் இருந்தாத்தான் என்கிட்ட அவருக்குக் குரலே வரும். அதை நான் விடுவேனா?

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டாரு. ரப்பரை வாங்க ஆள் இல்லை. மரத்தை வெட்டிட்டு மரவள்ளி நடச் சொன்னாங்க. ஒருநாள் காலையில பெரட்டுக்குப் பேர் கொடுக்க நின்ன ஆம்பளைகளை அப்படியே லாரியில ஏத்தினாங்க. சயாமுக்கு ரயில் பாதை போடவாம். மூணே மாசத்துல திரும்பிடலாமாம். யார் நம்பினா?

ஓடிப் போய் லாரியைப் பிடிச்சேன். அவர் குனிஞ்சு, "அஞ்சாங் காட்டுல நிக்குது கதை. மிச்சத்தை வந்து படிக்கிறேன்"னாரு. ஒரு புருஷன் சொல்ற பேச்சா இது! எனக்குப் படிக்கத் தெரியும்யான்னு அப்போ சொல்லியிருக்கலாம். சிரிச்சிருப்பாரு. நான் தலையை மட்டும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து, நிறுத்தின பக்கத்துல ஒரு ரப்பர் இலையை வெச்சு மூடினேன்.

மூணு மாசம் போச்சு. ஆறும் போச்சு. ஒரு தகவல் இல்லை. மத்த வீட்டுல குழந்தைகளாவது இருந்துச்சு, அடிச்சு அதட்ட. எனக்குத் திட்டுறதுக்குக்கூட நாதி இல்லை. கிழங்கை அவிச்சு, ஒருத்திக்கு ஒரு துண்டு எடுத்து வெச்சு, சுவத்தைப் பார்த்துத் தின்பேன். சில நாள் சாயங்காலம் வரைக்கும் வாயே திறந்திருக்க மாட்டேன். பேசிப் பார்த்தா குரல் கரகரன்னு வரும். புத்தகத்தை மட்டும் தொடலை. அவர் வந்து படிக்கிறதுன்னா, அவர் வந்துதானே ஆகணும்? அப்படி ஒரு கணக்கு எனக்கு.

பக்கத்து வீட்டு அக்காதான் அந்தக் கணக்கைக் கெடுத்தவங்க. அவங்க புருஷனும் அதே லாரியில போனவரு. வாய்க்குப் பூட்டே கிடையாது அக்காவுக்கு. ஒருநாள் வந்து, "மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம் போடணும்டி. வருஷா வருஷம் ஆம்பளைங்க போட்டாங்க. இந்த வருஷம் நாம போடுவோம். கதைதான் உன்கிட்ட இருக்கே"ன்னாங்க.

"எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா."

"யார்கிட்ட கதை விடுறே? ஸ்டோர்ல மூட்டை மேல எழுதியிருந்ததை நீ வாசிச்சதை நான் பார்த்தேன்டி."

மாட்டிக்கிட்டேன். அப்புறம் அக்கா குரலை இறக்கிச் சொன்னாங்க: "அம்மன் முன்னாடி ராஜா திரும்பி வந்து பட்டாபிஷேகம் நடந்தா, நம்ம ஆளுங்களும் திரும்பிடுவாங்க. எல்லாரும் அதைத்தான் பேசிக்கிறாங்க. உன் ஆளு வர வேணாமா?"

அன்னைக்குக் கதவைச் சாத்திட்டு இலையைத் தூக்கி அந்தாண்டை வெச்சேன். அஞ்சாங் காட்டுல இருந்து வாயைத் திறக்காம படிச்சேன். திருடின மாதிரி இருந்துச்சு. இளவரசன் ஜெயிக்கிற இடத்துல சந்தோஷமே வரலை. அவர் குரல் இல்லாம அரக்கி சும்மா ஒரு கிழவியாட்டம் செத்துப் போனா. முடிச்சதும் இலையைப் பழைய பக்கத்துலயே வெச்சு மூடினேன்.

எழுபது அத்தியாயம். அதை ஒரு மத்தியானத்துக்குள்ள ஆடிப் பாடி முடிக்கணும். கிழங்குக் காட்டுல களை கொத்திக்கிட்டே பாட்டு கட்டினேன். ராகத்துக்கு எங்கே போறது? கும்மி மெட்டு, தாலாட்டு மெட்டு, நாத்தனாரைக் கேலி பண்ற மெட்டு, அவ்வளவுதான் எங்க சொத்து. நிழல் இல்லாத பட்டாளத்துக்குக் கும்மி மெட்டு. அரக்கிக்கு நாத்தனார் மெட்டு. அதுக்கு மட்டும் யாரும் ஒத்திகையே பார்க்க வேண்டியிருக்கலை. மேளக்காரங்களும் சயாம்ல. அதனால பால்வாளியைக் கவுத்துப் போட்டுத் தட்டினோம்.

ஏழு காட்டை மூணாக் குறைச்சேன். பொம்பளைங்க சண்டைக்கு வந்துட்டாங்க. "ஏழு காடுன்னுதானே கதை? மிச்சம் நாலு எங்கடி?"

"மிச்சம் நாலையும் வெட்டி மரவள்ளி போட்டாச்சு, போங்க"ன்னேன். ரொம்ப நாள் கழிச்சு லயத்துல எல்லாரும் சிரிச்சது அன்னைக்குத்தான்.

ஜப்பான்காரன்கிட்ட அனுமதி வாங்கப் போன, தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி ஐயா வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தாரு. "அம்மா தாயே, சூரியனை அரக்கி பிடிச்சு அடைக்கிறாளா? அவன் கொடியில இருக்கிறது என்னன்னு பார்த்தியா? எல்லாரையும் சேர்த்து வெச்சு அறைவான்!" கட்டின பாட்டு அத்தனையிலும் சூரியனை எடுத்துட்டு நிலாவைப் போட்டேன். மத்தியானம் ரெண்டு மணிக்குத் தொடங்கி, வெளிச்சம் இருக்கிறப்பவே முடிக்கணும். லாரி ஏதாவது வந்தா அந்த நிமிஷமே கலைஞ்சுடணும். இதான் உத்தரவு.

அங்கேதான் ஒரு சிக்கல். ராஜா கதையை எடுத்தா பட்டாபிஷேகம் வரைக்கும் போயே ஆகணும். நடுவுல நின்னா, நின்ன இடத்துல இருக்கிற கஷ்டம் ஊரைப் பிடிச்சுக்கும். எங்க ஜனங்களுக்கு அதுல சந்தேகமே கிடையாது. இளவரசன் காட்டுல இருக்கிறப்ப லாரி வந்துட்டா? அத்தனை ஆம்பளைங்களும் காட்டுலேயே கிடக்க வேண்டியதுதானா? ரெண்டு நாள் யோசிச்சோம். கடைசியில அக்கா வழி சொன்னாங்க: "பட்டாபிஷேகத்தை முதல்ல போட்டுடுவோம். அப்புறம் எவன் வந்தா என்ன?"

ஆகா, என்ன மூளைன்னு எல்லாரும் மெச்சினோம். நானும்தான். பின்னாடி என்ன ஆகும்னு எழுதினவளுக்கே தோணலை.

இளவரசனா நிக்க ஆம்பளை இல்லை. உயரமா இருக்கேன்னு என்னைப் பிடிச்சுப் போட்டாங்க. பெட்டியில இருந்து அவர் வேட்டியையும் சட்டையையும் எடுத்தேன். லாரியில ஏறின அன்னைக்கு முந்தின நாள் கழட்டிப் போட்டது; நான் துவைக்கவே இல்லை. கரியில மீசை. பிஸ்கட் டின்ல கிரீடம். அக்காதான் என் ராணி.

திருவிழா அன்னைக்கு, கோயில் முன்னால சாக்குப் படுதாவை விலக்கினதும் முதல் காட்சியே பட்டாபிஷேகம். கிராணி ஐயாவோட நாற்காலியில உட்கார்ந்தேன். அக்கா மாலை போட்டாங்க. மங்களம் பாடினோம். "அப்பாடா"ன்னு எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அப்புறம் கதையை ஆரம்பத்துல இருந்து தொடங்கினோம்.

லாரி வரலை. மழையும் வரலை. மூணு காடும் தாண்டினேன். அரக்கி செத்தா. நிலா வெளியே வந்துச்சு. அக்கா தனியாக் கடற்கரையில நின்னு தாலாட்டு மெட்டுல பாடினாங்க:

"அலையே அலையே ஆளைக் கண்டியா
போன திசையில் பொழுதைக் கண்டியா"

பாட்டு முடிஞ்சுது. வாளிச் சத்தமும் நின்னுது. புத்தகத்துல இதுக்கு அப்புறம் அவன் வருவான், பட்டம் கட்டுவாங்க. அதைத்தான் நாங்க முதல்லயே செலவழிச்சுட்டோமே! இதுக்கு மேல நான் ஒரு வரியும் எழுதலை. அக்கா அங்கே நிக்கிறாங்க, யாரும் வரலை. எதிர்ல அம்பது அறுபது பொம்பளைங்க, யாருக்கும் யாரும் வரலை. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! படுதாவுக்குப் பின்னால நின்னேன். ஒரு ராஜாவுக்கு ரெண்டு தரம் பட்டம் கட்டலாமா? கட்டினா முதல்ல கட்டினது பொய்யாயிடாதா?

பின் வரிசையில ஒருத்தி கத்தினா: "அவனை வரச் சொல்லுங்கடி!"

அவ்வளவுதான். "வா! வந்துடு! வாய்யா!"ன்னு எல்லாரும். கிரீடத்தை மறந்துட்டு நான் வெளியே வந்தேன். அக்கா என் கால்ல விழணும்னு பேச்சு. விழலை. என் நெஞ்சுல குத்தினாங்க. "எங்கேய்யா போய்த் தொலைஞ்சே இத்தனை நாளு?" அதுக்குள்ள மத்தவங்களும் ஏறிட்டாங்க. "சின்னவன் காய்ச்சல்ல போயிட்டான்யா"ன்னு ஒருத்தி என் தோள்ல சாய்ஞ்சா. கிழங்கு தின்னு கால் வீங்கினதைப் புடவையைத் தூக்கிக் காட்டினா ஒருத்தி. இன்னொருத்தி என் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் கரி மீசையோட, எல்லாருக்கும் "ம், ம்"ன்னு தலையாட்டினேன்.

அன்னைக்கு எல்லார் புருஷனும் வந்தான். என் புருஷன் மட்டும் வர வழியில்லை. அவர் சட்டைக்குள்ள நான் நின்னுக்கிட்டிருந்தேன். நான் யார் நெஞ்சுல போய்க் குத்துறது?

அப்புறம் யுத்தம் முடிஞ்சுது. சுங்கை பட்டாணி ஸ்டேஷன்ல ரெண்டு மூணு பேரா வந்து இறங்கினாங்க. அக்கா புருஷன், நான் அண்ணன்னு கூப்பிடுறவரு, எலும்பும் தோலுமா வந்தாரு. மூணாம் நாள் அக்காவே அவரைக் கைத்தாங்கலா என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. அக்கா வாயைத் திறக்காம நின்னதுமே எனக்கு விளங்கிடுச்சு.

காய்ச்சலாம். பாதை ஓரத்துலயே புதைச்சாங்களாம். அண்ணன் தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு: "வேலை முடிஞ்சு வந்தா அந்தக் கதையைச் சொல்லுவான் தங்கச்சி. புத்தகமே இல்லாம, அப்படியே. அஞ்சாங் காட்டுல நிறுத்திடுவான். அடிக்காத குறையாக் கேட்போம். 'என் வீட்டுக்காரிக்கே இன்னும் அதைப் படிச்சுக் காட்டலை. அவளுக்கு முன்னாடி உங்களுக்குச் சொல்ல மாட்டேன்'னுட்டு, திரும்ப முதல்ல இருந்து தொடங்குவான். மூணு தரம் கேட்டோம். முடிவு தெரியாமலே நிறைய பேரு போயிட்டாங்க."

அவர் எனக்காக நிறுத்தி வெச்சிருந்தாரு. எனக்குத்தான் பொறுக்கலை. கதவைச் சாத்திட்டு நான் எப்பவோ படிச்சு முடிச்சுட்டேன்.

அண்ணன் போக எழுந்தாரு. வாசல் வரைக்கும் போய் நின்னு, கூச்சத்தோட கேட்டாரு: "தங்கச்சி... அஞ்சாங் காட்டுக்கு அப்புறம் என்னதான் ஆச்சு?"

அழுகை எல்லாம் அப்புறம்தான் வந்துச்சு. புத்தகத்தை எடுத்தேன். இலை பொடிப்பொடியாக் கொட்டுச்சு. வாசல்ல சாக்கை விரிச்சு அவங்க ரெண்டு பேரையும் உட்கார வெச்சேன். அரக்கி வர்ற இடத்துல அரக்கியாவே கத்தினேன். கடைசி லயம் வரைக்கும் கேட்கிற மாதிரிப் படிச்சேன்.