ஆற்று வளைவுக்கு அப்பாலிருந்து பதில் சொன்ன வாத்து

ரேவினுக்கு அறுபதை நெருங்கும் வயதில் வாத்து வேட்டைக்குப் போகவேண்டும் என்று தலையில் எழுதியிருந்தது. கணவன் கிரேம் இருந்தவரை அவளுக்கும் வேட்டைக்கும் இருந்த சம்பந்தம் அடுப்படியோடு சரி. மே மாதத்து முதல் சனிக்கிழமை, சீசன் திறக்கும் நாளில், விடிவதற்கு வெகு முன்பே எழுந்து சீஸ் ரோல் சுட்டு, பிளாஸ்கில் தேநீர் ஊற்றி, கிரேமையும் அவன் கூட்டாளி நெவிலையும் மட்டவுரா ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டு மறுபடி போர்வைக்குள் புகுந்துகொள்வாள்.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இங்கே ஆண்கள் யாரும் வீடு தங்க மாட்டார்கள். கடைக்காரர்களுக்கு அதையும் காசாக்கத் தெரியும். புருஷனை வேட்டைக்கு விட்டுக்கொடுத்த பெண்டாட்டிகளுக்காக 'வாத்து விதவைகளுக்குத் தள்ளுபடி' என்று பலகை வைத்துவிடுவார்கள். வருஷா வருஷம் ரேவின் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வருவாள். இந்த வருஷம் கடைப்பெண் பழக்கதோஷத்தில் தள்ளுபடிச் சீட்டை நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் அவளுக்கு முகம் சிவந்தது. ரேவின் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். வேறு என்ன செய்வது.

போன ஆகஸ்டில் கிரேம், வேலிக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே மாரடைப்பில் சரிந்துபோனான். ரேவின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலையும் மாலையும் காது கிழியும் அளவுக்குப் பிள்ளைகளின் கூச்சல். கடைசிப் பிள்ளை இறங்கியதும் அந்தக் கூச்சலும் அதோடு இறங்கிப் போய்விடும். மகள் பெர்த்தில் இருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மற்ற நாளெல்லாம் வீட்டில் ரேடியோ பேசும்.

ஆற்றின் வளைவில் மரக்கட்டையும் பழைய தகரமும் கோரைப்புல்லும் வைத்துக் கிரேம் கட்டிய ஒளிவுக் குடில் ஒன்று உண்டு. எல்லோரும் மைமை என்பார்கள். திறப்பு நாளில் விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அதில் ஆள் வந்து உட்காராவிட்டால் வேறு எவனும் வந்து உட்காரலாம். அதுதான் ஆற்றங்கரை வழக்கம். கிரேமின் பெஞ்சில் எவனோ காலை நீட்டிக்கொண்டு பீர் குடிப்பதை ரேவினால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்பு பண்ணையில் முயல் சுட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது. சீசன் லைசென்ஸை எடுத்தாள், தன் பெயர் எழுதிய அட்டையைக் குடில் வாசலில் ஆணியடித்து மாட்டினாள்.

அவ்வளவுதான், ஊரே வாத்தியாராகிவிட்டது. பெட்ரோல் போடுகிறவன் எந்தத் தோட்டா நல்லது என்றான். பேருந்தைப் பழுது பார்க்கிறவன், டயரைக் கழற்றிய கையோடு, பறக்கிற வாத்துக்கு எவ்வளவு முன்னால் குறி வைக்க வேண்டும் என்று நட்டை வைத்துக் காட்டினான். அறிவுரைக்கு இங்கே பஞ்சமே கிடையாது. நானும் கூட வருகிறேன் என்று மட்டும் ஒரு வாய் சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தையை அவள் நெவிலிடம் எதிர்பார்த்தாள். முப்பது வருஷம் கிரேமோடு அதே பெஞ்சில் உட்கார்ந்தவன். அடக்கத்தன்று தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நின்றான்; அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை. வெட்கத்தை விட்டுவிட்டு அவளே போன் செய்தாள்.

"நெவில், சனிக்கிழம நான் மைமைக்குப் போறேன்."

"நீயா?"

"ஏன், ஆம்பள சுட்டாத்தான் வாத்து சாகுமா?"

"அதுக்கில்லம்மா." தொண்டையைச் செருமினான். "சரி, கேட்டுக்கோ. இருட்டோட போயிடு. பொம்ம வாத்தையெல்லாம் ஒரே கொத்தா மெதக்க விடாத, நடுவுல எடம் விடு. வர்றது எறங்கணும்ல. காத்து உன் முதுகுல அடிக்கணும். அண்ணாந்து பாக்காத, வெள்ள மூஞ்சி தெரிஞ்சுதுன்னா ஒண்ணு கூட எறங்காது. காலு தெரியற அளவுக்குக் கிட்ட வரட்டும். கூட்டத்தப் பாத்துச் சுடாத, ஒண்ணப் பாத்துச் சுடு."

"கிரேம் வாத்தக் கூப்பிடுற ஊதல் இருக்கே, அத ஊதலாமா?"

"கொஞ்சமா ஊது. அவன மாதிரி கச்சேரி வைக்காத. வாத்து பதில் சொல்லுச்சுன்னா வாய மூடிக்கிட்டு உக்காரு. தானா வரும்."

ரேவின் காத்திருந்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். காலு விறைச்சிடும். ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ."

போனை வைத்தபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பெரிய மனுஷன், சாக்ஸுக்கு வழி சொல்கிறான்.

சனிக்கிழமை அவள் கை தன் பாட்டுக்கு இரண்டு ஆம்பளைகளுக்குக் காணும்படி சீஸ் ரோல் சுட்டு வைத்துவிட்டது. எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டாள். வாசலில் ஒன்பது மாதமாகக் கிடந்த கிரேமின் பூட்ஸுக்குள், இரண்டு சாக்ஸோடு, காலை நுழைத்தாள். பொம்மை வாத்துகளை ஆற்றில் மிதக்க விட்டுவிட்டுக் குடிலுக்குள் போய், எந்தப் பக்கம் உட்காருவது என்று விளக்கை அடித்துப் பார்த்தாள். வலப்பக்கத்துப் பலகை கிரேமின் உடம்புக்குத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதில் உட்கார மனம் வரவில்லை. இடப்பக்கம், நெவிலின் இடத்தில் உட்கார்ந்தாள்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை, காற்றும் இல்லை. வாத்து தாழப் பறக்க மழையும் புயலும் வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஜாதி இந்த வேட்டைக்காரர்கள்; தெளிந்த வானத்தைக் கண்டால் திட்டுவார்கள். வெளிச்சம் வந்ததும் ஆறு நெடுகத் துப்பாக்கிகள் வெடித்தன. பச்சைத்தலை வாத்து இரண்டு தாழ வந்தன. ரேவின் ஒன்றைப் பார்த்துத்தான் சுட்டாள். இரண்டும் சவுகரியமாகப் பறந்து போயின. தண்ணீரில் பொம்மை வாத்து ஒன்று தலை சாய்ந்தது.

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. தூரத்துக் குடில்களில் ஆட்கள் சிரிக்கும் சத்தம் மட்டும் தண்ணீர் மேல் வந்தது. இவ்வளவு தனியாக அவள் வீட்டில்கூட இருந்ததில்லை. வீட்டிலாவது ரேடியோ உண்டு.

சட்டைப் பையிலிருந்து ஊதலை எடுத்தாள். விளிம்பில் விரிசல் விட்ட மர ஊதல். ஜலதோஷம் பிடித்த கோழி மாதிரிதான் கத்தும். ஊதினாள். வளைவுக்கு அப்பால், வில்லோ மரங்களுக்குள்ளிருந்து ஒரு வாத்து பதில் சொன்னது.

நெவில் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். வாத்து வரவில்லை. மறுபடி ஊதினாள், மறுபடி பதில் வந்தது. வெயில் மரத்து உச்சியில் ஏறும்வரை இப்படியே நடந்தது. சுட வேண்டும் என்ற எண்ணமே அவளுக்குப் போய்விட்டது. நீயும் ஒண்டிதானா என்று கேட்பதுபோல ஊதினாள். ஆமாம் என்று அது சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள்.

அப்போது அந்த வாத்து இருமியது.

புகை குடித்துக் கெட்டுப்போன நெஞ்சின் நீளமான இருமல். ரேவின் துப்பாக்கியிலிருந்து தோட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, அத்தனை அறிவுரையையும் ஆற்றில் போட்டு, பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். வளைவுக்கு அந்தப் பக்கம், எதிர்க்கரையில், கவிழ்த்த வாளியின் மேல் கையில் ஓர் ஊதலோடு நெவில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றிக் குடிலும் இல்லை, பொம்மை வாத்தும் இல்லை.

"மூஞ்சியக் காட்டாதேன்னு சொன்னேன்ல," என்றான்.

"எப்போ வந்த?"

"இருட்டுலயே."

"இவ்வளவு நேரம் நான் ஒரு வாத்தோட பேசிக்கிட்டிருக்கேன்னு நெனச்சேன். நீயும் என்னைய வாத்துன்னுதான் நெனச்சியா?"

நெவில் தொப்பியைக் கழற்றினான். "அந்த ஊதல எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் என் காதுக்குள்ள ஊதினான். கெளம்பிடலாம்னு எந்திரிச்சேன், அப்பத்தான் கேட்டுச்சு. பதில் சொன்னா இன்னொரு தடவ கேக்கும்னு தோணுச்சு. அதான்."

ரேவினுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஒன்பது மாசம், நெவில். வந்து ஒரு தடவ கதவத் தட்டினா என்ன?"

"வந்தேன். ரெண்டு தடவ வந்தேன். வாசல்ல அவன் பூட்ஸ் கெடந்துச்சு. திரும்பிட்டேன்."

ரேவின் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பூட்ஸ் முழுக்கச் சேறு.

"அது இப்ப என் கால்ல இருக்கு," என்றாள். "பாலத்தச் சுத்தி வா. சீஸ் ரோல் ஆறிப்போச்சு, ஆனா நெறைய இருக்கு."

நெவில் வாளியைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் மறைந்தான். பாலம் தூரம், வந்து சேர நேரமாகும். ரேவின் பெஞ்சிலிருந்து இறங்கினாள். இடப்பக்கத்துப் பலகையைக் கையால் துடைத்துவிட்டு, வலப்பக்கம் நகர்ந்து கிரேமின் இடத்தில் உட்கார்ந்தாள்.