அரக்கும் மஞ்சளும் சேர்ந்த நிழல்

எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. வீடு பார்க்க வந்த அன்றே என் வீட்டுக்காரர் அதை ஒரு குறையாகச் சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை. வண்டியூர் தெப்பக்குளத்துக்கு நடந்து போகிற தூரம், முனையிலேயே பஸ், முன்னறையில் தையல் மெஷின் போட இடம். எனக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. வெயில் எல்லார் வீட்டுக்கும்தானே அடிக்கிறது என்று வாயடித்து அவரை அடக்கிவிட்டேன். அந்த வாய்க்கான தண்டனையைப் பதினாலு வருஷமாகத் தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அனுபவித்தேன்.

நான் ஜாக்கெட் தைக்கிறவள். முன்னறை பத்துக்குப் பத்து. மெஷின், துணி வெட்டுகிற மேஜை, இஸ்திரிப் பெட்டி, போட்டுப் பார்க்க ஒரு திரை. இதற்கு நடுவில் ஒருத்தி நின்றால் இன்னொருத்திக்கு இடமில்லை. ஆகவே மற்றவர்கள் வாசல் படியில்தான் காத்திருப்பார்கள். ஆபீஸ் முடிந்து, பள்ளிக்கூடம் விட்டு அவர்கள் வருகிற நேரமும் வெயில் வாசலுக்கு நேராக இறங்குகிற நேரமும் ஒன்றுதான். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள்.

ஆனால் அந்தப் படி எனக்குப் பெரிய சொத்து. பாங்கில் வேலை பார்க்கிற பெண், கோயில் குருக்கள் வீட்டு மாமி, சமயநல்லூர்ப் பக்கம் தோட்டம் துரவு வைத்திருக்கிற வீட்டுப் பெண்கள், ஆற்றைத் தாண்டி கோரிப்பாளையத்திலிருந்து வருகிற பாய் வீட்டு அக்கா என்று எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். ஒருத்தி கழுத்து இறக்கத்தைப் பற்றி இன்னொருத்தி தீர்ப்புச் சொல்வாள். பேர்கூடத் தெரியாது, ஆனால் மாமியார் சண்டை வரைக்கும் பேச்சுப் போகும். வாசலில் அந்த அரட்டை கேட்க, உள்ளே நான் மெஷின் மிதிப்பேன். ரேடியோ எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. அந்தக் கூட்டம் எந்தக் காரணத்தாலும் கலைந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்குப் பயம்.

போன சித்திரையில் ஒரு டீச்சர் அளவு கொடுக்க வந்தார். ஆறு மாசக் கர்ப்பம். ஐந்து நிமிஷம் நின்றிருப்பார், கண் இருட்டுகிறது என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கோரிப்பாளையத்து அக்காதான் தாங்கிப் பிடித்தார். என் அளவுப் புத்தகத்தைப் பிடுங்கி விசிறினார், தண்ணீர் கொடுத்தார், டீச்சர் தெளிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"பதினாலு வருஷமா கூலி வாங்குறல்ல. நிக்கிறவுகளுக்கு ஒரு நெழலு போட்டுக் குடுக்க மாட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, அதனால்தான் அப்படிச் சுருக்கென்றது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், வாசலுக்கு மேலே நிழல் போட்டே ஆக வேண்டும் என்று.

அவர் டவுன் பஸ் கண்டக்டர். எந்தப் பிரச்சினைக்கும் தகரம்தான் தீர்வு என்று நம்புகிறவர். "நாலு தகரம், ரெண்டு ஆங்கிள். அரை நாள் வேலை" என்றார். தகரத்துக்கு அடியில் நின்றால் வெயிலில் நிற்பதே மேல் என்று நான் சொன்னேன். அப்புறம் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் ஷீட்டைக் காட்டினார். பக்கத்துத் தெருவில் போட்டிருந்தார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதன் அடியில் நின்று கையில் இருந்த நூல்கண்டைப் பார்த்தேன். ரோஸ் நூல் கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிருந்தது. அந்தப் பச்சை வெளிச்சத்தில் நூல் பொருத்தம் பார்த்தால் என் தொழில் ஒரே மாசத்தில் ஊத்திக்கொள்ளும்.

கடைசியில் சமயநல்லூர் ரோட்டோரப் பட்டறை ஒன்றில் துணியிலேயே செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். இரும்புச் சட்டத்தில் கனமான கான்வாஸ் துணியைக் கயிறு கோத்து இழுத்துக் கட்டுவார்கள். தேவையானால் அவிழ்த்துக் கழுவிக்கொள்ளலாம். துணி என்றதுமே எனக்கு முடிவாகிவிட்டது. பட்டறைக்காரத் தம்பி மாதிரிப் புத்தகத்தைப் பிரித்தார். நான் பதினெட்டு வருஷமாகத் துணி தடவுகிறவள். விரலை வைத்தே எது வெளுக்கும், எது சுருங்கும் என்று சொல்லிவிடுவேன். நாலாவது பக்கத்தில் அது இருந்தது. அரக்கு நிறத்தில் அகலப் பட்டை, நடுவில் மாம்பழ மஞ்சள். சுங்குடிச் சேலையில் உடம்பு அரக்கு, கரை மஞ்சள் என்று எடுத்தால் எப்படி நிறைவாக இருக்கும், அப்படி இருந்தது.

"இதுதான்" என்றேன்.

தம்பி என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். "அண்ணே, இந்தக் கலரா?" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அவ சொன்னா சரிதான்" என்றார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் நிறம் விஷயத்தில் என்னோடு மல்லுக்கு நிற்கக் கூடாது என்று கற்றிருந்தார். அந்த ஒரு நாளாவது நின்றிருக்கலாம்.

ஒரு புதன்கிழமை காலையில் வந்து மாட்டினார்கள். சுவரில் ஓட்டை போட்ட தூசியில் வீடே மாவு மில் ஆனது. நானும் என் டேப்பை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"அக்கா, ஜாக்கெட்டு டேப்ப வச்சுச் சுவத்த அளக்காதீக" என்றார் தம்பி.

"உன் இஞ்சும் என் இஞ்சும் ஒரே இஞ்சுதான். எடது பக்கம் அரை இஞ்சு எறங்கியிருக்கு, பாரு."

சிரித்துக்கொண்டே ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை, நான் சிரித்தேன். போல்ட்டைக் கழற்றித் திரும்ப மாட்டினார்கள். பத்தரை மணிக்குத் துணி விறைப்பாக ஏறி நின்றது. தெருவில் இறங்கி எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்தேன். புதுச் சேலை கட்டிய மாதிரி இருந்தது என் வாசல். சந்தோஷத்தில் தம்பிக்கும் கூட வந்தவருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஜிகர்தண்டா அவர்கள் வயிற்றில் இறங்குவதற்குள் எதிர்வீட்டு அண்ணன் வண்டியை நிறுத்தினார். "என்னம்மா, கட்சியில சேந்துட்டீகளா? ஒரு வார்த்த சொல்லல?"

எனக்கு விளங்கவில்லை. "எந்தக் கட்சிண்ணே?" என்றேன். அவர் மேலே கையைக் காட்டினார். அவர் கண்ணால் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். புத்தகத்தில் பட்டறை இருட்டில் அரக்காக இருந்தது, மதுரை வெயிலில் பளீரென்ற சிவப்பாக நின்றது. நடுவில் மஞ்சள். அச்சு அசல் கொடி. அதே நிறத்தில் ஒரு சாதிச் சங்கத்துக்கும் கொடி உண்டு என்று அந்த அண்ணனே உபரியாகச் சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கே தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டு நிறத்தைச் சேர்த்துப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கொடி தெரியும், எனக்குச் சேலை தெரியும். கோளாறு அங்கேதான்.

வீட்டுக்காரர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நான் அங்கேயே நெனச்சேன்" என்றார் நிதானமாக. "நீ கண்ண உருட்டுன உருட்டுல சொல்லல."

மறுநாள் சாயங்காலம் அந்தக் கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளரே வந்தார். கூட ஏழெட்டுப் பேர். நல்ல மரியாதையான மனிதர். எங்கள் ஆர்வத்தைப் பாராட்டினார். வீட்டுக்காரர் அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து கைலியும் பனியனுமாக நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் தோளில் ஒரு சால்வை விழுந்தது, போட்டோவும் எடுத்தாகிவிட்டது. சால்வை போர்த்தினால் கையெடுத்துக் கும்பிடுவது நம் பழக்கம். கும்பிட்டுவிட்டார். படத்தில் முழு மனசோடு சேர்ந்தவர் மாதிரியே இருந்தது. விடிவதற்குள் அது டிப்போ முழுக்கச் சுற்றி வந்தது. அதற்கப்புறம் அவருக்குப் பேர் "தலைவரே"தான்.

இதையெல்லாம் நான் வயிறு வலிக்கச் சிரித்துத்தான் ஆற்றினேன். நிறம் என்ன யாருடைய பாட்டன் சொத்தா, நான் எதற்கு மாற்ற வேண்டும் என்று வீம்பும் பிடித்தேன். ஆனால் அந்த வாரம் படியில் ஆள் குறைந்தது. வந்தவர்களும் வழக்கம் போல அரட்டை அடிக்கவில்லை. மேலே ஒரு பார்வை, பக்கத்தில் நிற்பவளை ஒரு பார்வை, அப்புறம் செல்போன். நிழலில் நின்றார்கள், வாயைத் திறக்காமல் நின்றார்கள். உள்ளே என் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

சனிக்கிழமை கோரிப்பாளையத்து அக்காவுக்குப் போன் போட்டேன். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், துணி கொண்டு வருவதாகச் சொல்லி இரண்டு நாள் ஆகியிருந்தது.

"வந்தேம்மா. தெரு முனை வரைக்கும் வந்தேன்" என்றார். "வாசல்ல ஒரே கூட்டமா இருந்துச்சு, சால்வையெல்லாம் போட்டுக்கிட்டு இருந்தாக. கட்சி விஷயம் போல, நாம எதுக்கு நடுவுலன்னு திரும்பிட்டேன். நீ தப்பா நெனைக்காத."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. நிழல் கேட்டவரே அவர்தான். அவரே முனையில் நின்று யோசித்துத் திரும்பிப் போகும்படி வாசலை வைத்திருக்கிறேன். என் வீம்பு அந்த நிமிஷமே இறங்கிப் போனது.

பட்டறைத் தம்பியைக் கூப்பிட்டு வேறு நிறம் கேட்டேன்.

"நீலம்?"

"அது ஒரு சங்கம்க்கா."

"பச்சை?"

"அதுல ஒரு கட்சியும் இருக்கு, ஒரு சங்கமும் இருக்கு."

"காவி?" என்றேன். தம்பி சிரித்தார்.

"ஊதா?"

"ஸ்டாக் இல்லக்கா. இருந்தாலும் இந்நேரம் யாராச்சும் எடுத்துருப்பாக."

வெள்ளை மட்டும்தான் மிச்சம். அது தூசியில் ஒரு மாசம் தாங்காது. போனை வைத்துவிட்டு, கோபத்தில் வேறு வேலை ஓடாமல் அறையைக் கூட்ட ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் வெட்டு மிச்சத் துணி மூன்று மூட்டை கிடந்தது. தலையணைக்கு அடைக்கலாம் என்று சேர்த்து வைத்தது. மூட்டை ஒன்று அவிழ்ந்து கொட்டியது. மயில்கழுத்து, கனகாம்பரம், இலைப்பச்சை, பாக்கு, வாடாமல்லி, ராமர் பச்சை. அள்ளப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நிறம் இருந்தால்தானே கொடி. ஐம்பது நிறம் இருந்தால் எந்தக் கட்சி வந்து சொந்தம் கொண்டாடும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறிக் கயிற்றை அவிழ்த்துத் துணியை இறக்கினார். மஞ்சள் பட்டை முழுவதையும் துண்டுத் துணியால் மூடித் தைத்தேன். கனத்த துணியில் ஆறு ஊசி உடைந்தது. ஒவ்வொரு ஊசிக்கும் அவர் "தலைவரோட ஆதரவு உண்டு" என்றார், திட்டு வாங்கினார், ஆனால் பாரமான துணியை மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று தாங்கிப் பிடித்தது அவர்தான். மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து முன்பக்கம் ஒன்றரை அடிக்கு ஜாலர் தொங்கவிட்டேன். அதுவும் நல்லதாகப் போனது. ஐந்து மணி வெயில் தாழ்வாக வந்து எல்லார் முகத்திலும் அடித்துக்கொண்டிருந்தது, இந்த ஜாலர்தான் அதை நிறுத்தியது.

திங்கட்கிழமை படியில் பேச்சு திரும்பி வந்தது. "ஏய், இது என் வளைகாப்புப் பட்டு" என்றார் டீச்சர். மாமி தன் மாம்பழக் கலரைக் கண்டுபிடித்தார். பாங்குப் பெண் தன் துண்டுக்குப் பக்கத்தில் இருப்பது யாருடையது என்று விசாரித்தாள், அந்தப் பெண் அங்கேயே நின்றிருந்தாள், அதிலிருந்து தையல் கூலி, பிள்ளைகளின் படிப்பு என்று போனது. கட்சிக்காரர்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, டீ சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். முதல் மழையில் சாயம் இறங்கிச் சுவரில் கோடு கோடாக வழிந்தது. இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

கோரிப்பாளையத்து அக்கா அந்த வாரமே புதன்கிழமை வந்தார். முனையில் கொஞ்சம் நின்றார், பிறகு நேராக வந்தார். மற்றவர்கள் தங்கள் துண்டைக் காட்டுவதைப் பார்த்துவிட்டு அவரும் நிமிர்ந்து தேடினார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் போய்ப் பார்த்தார், அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தைக்கக் கொடுத்த துணியில் சல்லி மிச்சம் விடாமல் சுருட்டிக் கேட்டு வாங்கிப் போகிறவர் அவர் ஒருத்தர்தான். என் மூட்டையில் அவருடைய நூல்கூட இல்லை. எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டு, நிழல் கேட்டவரை விட்டிருக்கிறேன். எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது.

"அக்கா, உங்க துணி..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கேட்டுக்கொள்ளவில்லை. படியில் உட்கார்ந்து பையைத் திறந்தார். கல்யாணத்துக்குத் தனக்கென்று எடுத்த ஜாக்கெட் துணி, மடிப்புக் கலையாத பிஸ்தா பச்சைப் பட்டு, அதைப் பிரித்து என் கையில் கொடுத்தார்.

"இதுல ஒரு சாண் வெட்டு."

"வெட்டுனா கைக்குப் பத்தாதுக்கா. நீங்க முழங்கை வரைக்கும் வைக்கிறவுக."

"ஒட்டுப் போட்டுத் தை. உள்ள இருக்குற ஒட்டு யாருக்குத் தெரியப்போகுது" என்றார். "மொதல்ல அங்க தைச்சு மாட்டு. அப்புறம் எனக்கு அளவெடு. நான் வெளிய நிக்கிறேன்."