அழுத்தாதீங்கண்ணே

நடந்தது இதுதான். இதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை.

1979, தை மாதம். எழுமலைப் பள்ளியில் நான் ஆசிரியை. என் தங்கை விஜயத்திற்கு விஷக் காய்ச்சல். பல இரவுகளாக நான் கண் மூடவில்லை. அன்று அவளுக்கு நினைவு தப்பியது. உடனே மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லாவிட்டால் பிழைக்கமாட்டாள் என்று உள்ளூர் டாக்டர் சொல்லிவிட்டார். வாடகைக்கு ஓர் அம்பாசடர் கிடைத்தது. ஓட்டியவர் உக்கிரபாண்டி. விஜயத்தைப் பின் சீட்டில் கிடத்தினோம். அங்கே வேறு எவருக்கும் இடமில்லை. நான் முன்னால் அமர்ந்தேன்.

உசிலம்பட்டியைத் தாண்டும்போது மாலை ஆறரை மணி. தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"வேகமாப் போப்பா."

"ரோட்டுல கொள்ளுச் செடி போட்டுருப்பாக டீச்சரம்மா. நனைஞ்சா வழுக்கும்."

அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கத்தார் கொள்ளுச் செடியைச் சாலையில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏற ஏற மணி உதிரும். எனக்கும் அது தெரியும். ஆயினும்...

"இவ மூச்சு விடறது கேக்கறதா உனக்கு? போ."

போனார்.

ஒரு வளைவு. விளக்கொளியில், சாலை முழுவதும் கொள்ளுச் செடி. அதற்கு அப்பால் ஒரு மாட்டுவண்டி குறுக்கே நின்றது. உக்கிரபாண்டி பிரேக்கை அழுத்தினார். சக்கரங்கள் நின்றுவிட்டன. கார் நிற்கவில்லை.

சர்ர்ர்ர்...

பக்கவாட்டில் சறுக்கியது. ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். அவசரமே இல்லாத, அலுத்துப்போன குரல்.

"அழுத்தாதீங்கண்ணே. விட்டு விட்டு மிதிங்க."

அவர் காலை எடுத்தார். மிதித்தார். விட்டார். மிதித்தார்.

கார் நேரானது.

நின்றது.

மாட்டின் மூச்சு எங்கள் கண்ணாடியில் படிந்தது...

"நல்லவேளை சொன்னீக" என்றார்.

"நான் சொல்லலை."

"அந்தம்மாவா?"

விஜயம் எந்த டிரைவரையும் 'அண்ணே' என்று அழைத்தவளல்லள். திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்தபடி, நினைவின்றிக் கிடந்தாள். நெற்றியில் கொள்ளுச் சருகு ஒன்று ஒட்டியிருந்தது.

ஈரமாக.

கண்ணாடிகள் ஏற்றியே இருந்தன.

மாட்டுவண்டி விலகியதும் மதுரைக்கு விரைந்தோம்.

விஜயம் பிழைத்தாள். வீடு திரும்பும் நாளில் அதே கார் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவள் கேட்டாள்:

"அன்னிக்கு என் தலைய மடியில வச்சிண்டு வந்தாளே, அவ யாரு அக்கா? மடியெல்லாம் ஒரே ஈரம்."

உக்கிரபாண்டி தூக்கிய படுக்கையைக் கீழே வைத்தார்.

"போன வருசம், அதே எடம். ஒச்சம்மான்னு ஒரு பிள்ள, கொள்ளு அள்ளிக்கிட்டு நின்னுச்சு. பிரேக்க ஒரே அழுத்தா அழுத்துனேன். வண்டி நிக்கல..."

"அப்புறம்?"

"நான்தான் இங்க கொண்டாந்தேன். இதே வண்டி. பின் சீட்டுல." காரின் பின்கதவைப் பார்த்தார். "உசுரு செக்கானூரணி தாண்டலம்மா."

நாங்கள் பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.