பச்சைத் துணி கட்டிய வயர்லெஸ்

கர்ர்ர்... டக், டக். வனத்துறை வயர்லெஸ் அறையில் இரவுப் பணி பார்ப்பவனுக்கு மனிதர்கள் முதலில் இப்படித்தான் அறிமுகம். முகமெல்லாம் பிறகு, பல பேருக்குக் கடைசிவரை இல்லை. ஊர் வீடு திரும்பும் நேரத்தில் டிபன் கேரியரோடு கிளம்பும் என் இனத்தாரே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் படித்த எனக்கு, ஜவ்வாது மலையின் ஒவ்வொரு வாட்சர் குரலும் அத்துப்படி. அந்தக் குரல்களையெல்லாம் புது அலைவரிசைக்கு மாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது.

கிணற்றுக்குள் முனியம்மா

மாற்றிய அன்று மாலை, கருவியை வாங்கிப் போனவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் "கேக்குதா, கேக்குதா" என்று கத்தியதில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஓய்ந்தபின் காவலூர்ப் பக்கத்து வாட்சர் முனியம்மா சலித்துக்கொண்டாள்: "இன்னா சார் இது, பழைய சேனல்ல பக்கத்து ரேஞ்சு சண்டையாவது கேக்கும். இதுல கெணத்துக்குள்ள குந்திக்கினு இருக்கறாப்ல கீது."

துணியின் நிறம்

கைக்கருவிகள் எல்லாம் ஒரே கறுப்பு. அதனால் எங்கள் ஆட்கள் அடையாளத்துக்குக் கலர் துணி கட்டிக்கொள்வார்கள்; நெல்லிவாசல்நாட்டு சாமிக்கண்ணுவுக்குப் பச்சை. வெளியூர் மெக்கானிக் துணிகளை அவிழ்த்துவிட்டு, வேலை முடிந்ததும் கைக்கு வந்தபடி கட்டிவிட்டார். உபரிக் கருவி ஒன்றை மட்டும் பழைய சேனலிலேயே விட்டு, அணைக்காமல் அலமாரியில் வைத்தோம். அப்படித்தான் நினைத்தோம்.

கடைசி ஆளாக மறுநாள் காலை ஷேர் ஜீப்பில் வந்த சாமிக்கண்ணு, தன் கருவியைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பச்சை கீதில்ல? அப்ப நம்மளுதுதான், குடுங்க."

ஆளில்லாத சேனல்

அன்று சாயங்காலமே நெல்லிவாசல்நாட்டுச் சரிவில் தீ. சாமிக்கண்ணு ஆட்களோடு அணைக்க ஏறியிருந்தார். எதிர் மலையிலிருந்து முனியம்மா அலறினாள்: "காத்து திரும்பிடுச்சு சார்! நெருப்பு அவங்க ஏறுற வழிக்கே வருது, இறங்கச் சொல்லுங்க!" பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பாதியில் விட்டு, சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டேன். பேச நேரமில்லாவிட்டாலும் பொத்தானை இரண்டு தட்டாவது தட்டுவார் மனிதர். அதுவும் இல்லை. அப்போது அலமாரிக்குள்ளிருந்து அதே முனியம்மா குரல். ஊமையாக இருக்க வேண்டிய உபரிக் கருவி பேசுகிறது! அப்படியானால் மாற்றாத ஊமை, பச்சைத் துணியோடு சாமிக்கண்ணு கையில் மலையேறிவிட்டது.

மூலையில் கிடந்த பழைய மேஜை செட்டுக்கு ஏரியல் ஒயரை மாட்டி, பழைய சேனலில் கத்தினேன்: "சாமிக்கண்ணு, ஏறாதீங்க! ஓடைப் பக்கம் இறங்குங்க!"

கர்ர்ர்... டக், டக்.

அந்தச் சத்தத்துக்கு இணையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை. அத்தனை பேரும் சாமைக் கொல்லை வழியாக முழுசாக வெளியே வந்தார்கள். புது சேனலில் மலை முழுக்க ஒரே மகிழ்ச்சிக் கூச்சல்; எப்போதும் ஒழுங்கு பேசும் எங்கள் மேலதிகாரி ரேஞ்சர் மேடமே விசிலடித்தார். பழைய சேனலில் மட்டும், மூச்சிரைக்க, சாமிக்கண்ணு: "ஏன் சார், ஊரே குடி மாறிப் போய்ட்டு, எங்கள மட்டும் பழைய வூட்லயே வுட்டுட்டீங்களே!"

அலைவரிசையை மாற்ற ஓர் உத்தரவு போதும், எங்கள் ஆட்களிடமிருந்து கந்தல் துணியை அவிழ்க்க எந்த உத்தரவாலும் முடியாது என்று சிரித்துக்கொண்டே, பாதியில் விட்ட பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.