அங்கியில் வந்த மாப்பிள்ளை

குவைத்திலிருந்து லீவில் வந்த தாய்மாமா லுங்கி கட்ட மறுத்துவிட்டார். லுங்கியோடு நீந்தி, லுங்கியோடு தூங்கி, லுங்கியையே முண்டாசாக்கிப் பழவேற்காட்டு ஏரியில் வலை வீசிய மனிதர். இப்போது கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே வெள்ளையாய் இறங்கும் நீள அங்கி, அது காற்றில் படகுப் பாய்போலப் புடைக்க எளாவூர்த் தெருவில் நடந்தார். நாய்கள் குரைத்தன. எனக்கு ஒரே பெருமை.

"அங்கெல்லாம் லுங்கி உள்ள போட்டுக்கிற துணிக்கா. அத்தக் கட்டிக்கினு மொத நாளு கடைக்குப் போயிட்டேன். ஜட்டியோட வந்தவனப் பாக்குறாப்ல பாத்தானுங்கோ" என்றார் அம்மாவிடம். வண்டி ஓட்டப்போன வீட்டில்தான் இந்த அங்கியைக் கொடுத்தார்களாம். இரண்டு வருடத்தில் மாமாவின் வெட்கம் இடம் மாறிவிட்டிருந்தது.

அம்மாவின் கவலை வேறு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது, லீவும் முடியப்போகிறது. ஏரிக்கு அக்கரையில் மூன்றாவதாக ஒரு பெண். "வேட்டி கட்டிக்கினு வாடா, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினாள். மரியாதையான இடத்துக்கு மரியாதையான துணி என்று மாமா அங்கியிலேயே கிளம்பினார்.

படகு நின்ற இடத்தில் முழங்கால் சேறு. அப்பா ஒரே உதறலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். அங்கியை எங்கே மடிப்பது? நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்ததுபோலவே மாமாவும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் பக்கத்தில் தத்தித் தத்தி வந்தார்.

பெண்ணின் அப்பா அவரைப் பார்த்ததும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். மாதா கோயில் பாதிரியார் என்று நினைத்துவிட்டார். "வாங்க சாமி, குந்துங்க." பிறகு மாமாவின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மாப்ள பின்னால வர்றாரா?"

"இவருதாங்க மாப்ள" என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

உள்ளே பெண்கள் கூட்டம் குலுங்கியது. "இன்னாடி, இவுரு கல்யாணம் பண்ணி வைக்க வந்தவரா, கட்டிக்க வந்தவரா?" என்று ஒரு குரல். மாமாவின் காது சிவந்தது. மூன்றாவதும் போயிற்று என்று அம்மா படகுப் பக்கம் பார்த்தாள். மாமாவோ எழவில்லை. லுங்கியோடு கடைக்குப் போன கதையை, அந்த ஊர்க்காரர்கள் முழித்த முழியோடு, முழுசாகச் சொன்னார். பெண்ணின் அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஈரக்கை என்னை இழுத்தது. கல்யாணப் பெண். "பாப்பா, அந்த ஊர்ல பொம்பளைங்க பொடவ கட்லாமா? உங்க மாமாவக் கேட்டுக்கினு வா."

நடுவீட்டில் நின்று உரக்கக் கேட்டேன். சிரிப்பெல்லாம் நின்றது. மாமா கழுத்துப் பித்தானைத் திருகிக்கொண்டே, "கட்லாம்னு சொல்லு" என்றார்.

அவ்வளவுதான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பூவோடு உள்ளே ஓடினாள். பெண்ணின் அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரே எரிச்சல். அந்த அக்கா புடவையைப் பற்றித்தானே கேட்டாள்; மாமாவைப் பிடித்திருக்கிறதா என்று இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதற்குள் எதற்குப் பூ வைக்கிறார்கள் என்று திரும்பும் படகு முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.