பிரேக்கக்காவின் வலது கால்

அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறினால் பிரேக்கக்காவின் வலது கால் சும்மா இருக்காது. பஸ்ஸின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாலும், முன்னால் ஒரு நாய் குறுக்கே வந்தால் இங்கே தரையை ஓங்கி மிதிப்பாள். டிரைவிங் ஸ்கூல் காரில், கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு வேறென்ன வரும்? "தூக்கத்துலகூட மிதிக்கிறா. கட்டில் அங்கயேதான் நிக்குது, நான்தான் உருண்டு விழறேன்" என்பார் அவள் கணவர்.

வாயும் சும்மா இருக்காது. ஸ்டீயரிங்கைப் பிடித்ததுமே கைகால் உதறுகிறவர்களை அதட்டினால் காரியம் கெடும் என்று, சொல்வதையெல்லாம் எதுகை போட்டு, தாளம் தட்டிச் சொல்லிப் பழகியிருந்தாள். கல்யாண வீடியோ எடுக்கும் அவள் தம்பி ஒருநாள் பின்சீட்டிலிருந்து கேட்டுவிட்டு, "அக்கா, இதத்தான் ஊரு உலகத்துல ராப்னு சொல்றாங்க" என்றான். சொன்னதோடு விடாமல், தன் படுக்கையறைக் கதவில் கம்பளியைத் தொங்கவிட்டு, அலமாரிக் கைப்பிடியில் மைக்கைக் கட்டி அவளை உட்கார வைத்தான்.

கண்ணாடியப் பாரு, பின்னாடி யாரு?
முன்னாடி ரோடு கெடக்கு, நீயே ஓட்டிப் பாரு.

'பாரு' முடிந்ததும், தொம். அவள் கால்தான்.

"அக்கா, கால்."

"தெரியாம பட்டுடுச்சுடா."

மறுபடியும் தொம். செருப்பைக் கழற்றச் சொன்னான், காலுக்கடியில் தலையணை வைத்தான். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் சம்மணம் போட்டு உட்கார வைத்தான். தொம் போனது, கூடவே பாட்டின் உயிரும் போனது. செய்தி வாசிப்பது மாதிரி இருந்தது. "போய்த் தொலையுது, மிதிச்சுக்கோ" என்று விட்டுவிட்டான்.

டிரைவிங் ஸ்கூல் அவள் நாத்தனாருடையது. முட்டி தேயும்வரை அதே சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர், இப்போது ஆபீஸ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்சி செய்கிறார். பாட்டு வரப்போகிறது என்று கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ராப் பாடுறவளை நம்பி யாரு உசுரக் குடுப்பாங்க? இந்தப் பாட்டால ஒரே ஒரு ஆள் கிளாஸை விட்டாலும் அத எடுத்துடணும். சம்மதமா?"

"சரி, அண்ணி" என்றாள். வீட்டிலும் வண்டியிலும் அடுத்தவருக்காகவே பேசித் தேய்ந்த வாய் அது. தனக்கென்று பேசியது இந்த ஒரு பாட்டில்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் பாட்டு இணையத்தில் வெளியானது. கணவர் கேட்டார், தம்பி கேட்டான், மறுபடியும் கணவர் கேட்டார். முகம் தெரியாத ஒருவர் மட்டும், 'இந்தம்மாவுக்கு வேற வேலை இல்லையா' என்று கீழே எழுதியிருந்தார். அவளுக்கு அழுகை முட்டியது.

திங்கட்கிழமை, லைசென்ஸ் டெஸ்ட்டில் இரண்டு தடவை கோட்டைவிட்ட வங்கிக்காரி கிளாஸுக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை, போனையும் எடுக்கவில்லை. நாத்தனார், "சாயங்காலத்துக்குள்ள எடுத்துடு" என்றார்.

சாயங்காலம் பிரேக்கக்கா ஆபீஸ் படியில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். விரல் அழிக்கும் இடத்துக்குப் போனபோது, வாசலில் ஒரு கார் வந்தது. கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே அவளுடைய பாட்டு. 'நீயே ஓட்டிப் பாரு' என்றதும், தொம். கார் கனகச்சிதமாக நின்றது.

வங்கிக்காரி இறங்கி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "பாஸாயிட்டேன்க்கா. மூணாவது தடவையும் ஊத்திக்கிட்டா மானம் போயிடும்னுதான் யார்கிட்டயும் சொல்லல, வீட்டுக்காரர் வண்டியிலயே பழகினேன். டெஸ்ட் முழுக்க உங்க பாட்டுதான் மனசுக்குள்ள ஓடிச்சு. அந்தத் தொம் கேட்டப்பல்லாம் கால் தானா பிரேக்குக்குப் போச்சு."

வங்கிக்காரி அதையே காரில் உட்கார்ந்து பாடி, மிதித்து, வீடியோவாகவும் போட்டுவிட்டாள். அப்புறம் யார் பிடித்து நிறுத்துவது? சலூன்காரர் கத்தரியும் கையுமாக மிதித்தார். நர்ஸுகள் வரிசையாக நின்று மிதித்தார்கள். பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகள் மிதித்த மிதியில் டிரைவர் பயந்துபோய் வண்டியையே நிறுத்தினாராம். தம்பி தலையணை வைத்து அமுக்கப் பார்த்த சத்தத்துக்காகவே ஊர் பாட்டைக் கேட்டது. பிரேக்கக்கா கடைக்குப் போனாலும் பின்னால் ஒரு தொம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் வாயெல்லாம் பல்லாகத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஆபீஸ் வாசலில் நிற்க இடமில்லை. பிரேக்கக்கா வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். நாத்தனார் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பெயர்களை எழுதினார். அப்போது தெருவில் போன ஏதோ ஒரு வண்டியிலிருந்து பாட்டு வந்தது. 'நீயே ஓட்டிப் பாரு.'

மேசைக்கு அடியில், தொம். டீ தளும்பிப் பதிவேட்டில் கொட்டியது. தேய்ந்த முட்டியைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் நிமிர்ந்தார். அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னத்தப் பாக்குற?" என்றார் பிரேக்கக்காவிடம். "அந்த எடத்துல நீ கொஞ்சம் லேட்டா மிதிக்கிற. நானா இருந்தா அதுக்கு முன்னாலயே வண்டி நின்னிருக்கும்."

"அப்ப அடுத்த பாட்டுக்கு நீங்களே வந்து மிதிங்க அண்ணி" என்றாள் பிரேக்கக்கா.

நாத்தனார் டீயைத் துடைத்துக்கொண்டே, "என்னிக்குன்னு சொல்லு, முட்டிக்குத் தைலம் போட்டுட்டு வர்றேன்" என்றார்.