கத்தரிக்கப்பட்ட முன்னுரைகள்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பின்னால், துளையிட்ட ஒரு சோப்பு டப்பாவுக்குள், உள்ளங்கை அளவுள்ள கணினி ஒன்று இருக்கிறது. படம், பாட்டு, என்னுடைய மேடைப்பேச்சுகள் என எல்லாவற்றையும் அது திரையில் காட்டும். அதை அமைத்தவள் நான். அப்பாவுக்கு நான் தரும் பரிசு அது என்று அப்போது நம்பியிருந்தேன்.

அப்பா இருபத்தைந்து ஆண்டுகள் தனியார் பேருந்தில் நடத்துநர். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் நின்று அவர் ஊர்ப்பெயரைக் கூவினால், டீக்கடையில் அமர்ந்திருப்பவர் பாதிக் குவளையோடு எழுந்துவிடுவார். நான் பேசும் மேடைக்கெல்லாம் விடுப்பெடுத்து வந்து, முன்வரிசையில் அமர்ந்து, கைப்பேசியில் பதிவு செய்வார். ஒவ்வொரு பதிவையும் அந்தந்த ஊர்ப்பெயரைக் கூவி, அதே பேருந்து நிலையக் குரலில்தான் தொடங்குவார்.

"கரிவலம், கரிவலம்! கோயில் கொடைக்குப் போட்ட மேடை! அடுத்தாப்ல எம்மவ பேசுதா, எல்லாரும் உள்ள தள்ளி நில்லுங்க!"

சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். மேடையில் நிற்கும் எனக்குக் காதுமடல் சுடும்.

"அப்பா, நாலு பேரு முன்னால இப்படிக் கத்தாதீங்க. அசிங்கமா இருக்கு" என்று ஒருமுறை சொன்னேன்.

"கத்தலைன்னா எந்த ஊருன்னு பொறவு எப்படித் தெரியும், மக்கா?" என்றார்.

சென்ற ஆண்டு அவருடைய குரல்வளையில் புற்று கண்டது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், அதன் பிறகு பேச்சு வராது என்று மதுரையில் மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அம்மா உடன் சென்றாள். தேர்வு இருந்ததால் நான் வீட்டிலேயே தங்கினேன். புறப்படும்போது அப்பா தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "இனி எனக்கு எதுக்கு? நீ வச்சிக்கோ."

அந்தக் கைப்பேசியின் மெமரி கார்டில் என் பேச்சுகள் அத்தனையும் இருந்தன. திரும்பி வந்து நாளெல்லாம் வீட்டிலிருக்கப் போகிறவர் அவற்றைப் பெரிய திரையில் பார்க்கட்டும் என்றுதான் சிறு கணினியை வாங்கினேன். பேச்சுகளைப் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றுக்கு மாற்றி, ஒவ்வொன்றாகச் செப்பனிட்டேன். 'அவையோர் அனைவர்க்கும் வணக்கம்' என்று நான் தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு. கைதட்டல் ஓயும் இடத்தில் மற்றொரு வெட்டு. வணக்கத்துக்கு முன்னால் வருவது எதுவும் பேச்சாகாது என்று பயின்றவள் நான். டிஸ்க்கில் இடம் குறைவு. ஆகவே வெட்டி முடித்ததும் மூலத்தை அழித்தேன். கணினிக்கான மென்பொருளை ஏற்ற ஒரு மெமரி கார்டு தேவைப்பட்டது. அப்பாவின் கார்டையே செருகினேன். இதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதித்தேன்.

மதுரையில் அவருக்கு அறுவை நடந்த அதே வாரத்தில் இவ்வளவையும் செய்து முடித்தேன். சார்ஜரின் மின்சாரம் போதாமல் திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றுவதைப் பற்றி மட்டுமே எனக்குக் கவலை இருந்தது.

கழுத்தில் துளையும், அதன்மேல் வெள்ளைத் துணியும், கையில் ஒரு சிலேட்டுமாக அப்பா வீடு திரும்பினார். நாற்காலியில் அமர்த்தி ரிமோட்டைக் கொடுத்தேன். முதல் பேச்சு ஓடியது. அவர் அதைத் தொடக்கத்துக்குத் திருப்பினார். மீண்டும் ஓடியது, மீண்டும் திருப்பினார். அடுத்ததைத் தேர்ந்து அதையும் அவ்வாறே செய்தார். ரிமோட் பழகவில்லை போலும் என்று எண்ணி, நான் பொத்தான்களை விளக்கத் தொடங்கினேன். அவர் சிலேட்டை எடுத்து எழுதினார்: 'முன்னாடி நான் கூப்பிட்டது?'

சமையலறை வாசலில் நின்ற அம்மா அதை எட்டிப் படித்தாள்.

"ஏட்டி, அவிய சத்தத்தை எங்க?"

"வெட்டிட்டேன்."

"அப்ப போன்ல இருக்குமுல்லா?"

"அந்தக் கார்டுதாம்மா இதுக்குள்ள இருக்கு. எல்லாம் அழிஞ்சிட்டு."

"வேற எதுலயும் கெடையாதே, பாவி! அவிய எப்பமும் எடுக்குத ஆளுல்லா! அவியள யாரு எடுத்தா?"

எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் மூன்று நிமிடத்தில் மறுத்துப் பேசிப் பரிசு வாங்கியவள் நான். அன்று சோப்பு டப்பாவின் வயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அப்பா உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்தார். எழுதினார்: 'உன் பேச்சு நல்லாருக்கு மக்கா.' பிறகு தொலைக்காட்சியை அணைத்துவிட்டார்.

நான்கு நாட்கள் அவர் அதைப் போடவே இல்லை.

ஹார்டு டிஸ்க்கில் 'வேண்டாதவை' என்று நான் பெயரிட்ட பகுதி ஒன்று இருந்தது. ஐந்தாம் நாள்தான் அதைத் திறக்கத் துணிந்தேன். உள்ளே ஒரே ஒரு பதிவு: பனவடலிசத்திரத்தில், என் பதினைந்தாம் வயதில், நான் பாதியில் மறந்து நின்று தோற்ற பேச்சு. எவருக்கும் காட்டப்போவதில்லை என்பதால் அதை வெட்டும் சிரமத்தைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது அங்கே இருப்பது முதல் நாளே என் நினைவில் இருந்தது. நான்கு நாட்கள் அதைச் சொல்லாமலே இருந்தேன்.

அப்பாவை அழைத்து அதை ஓடவிட்டேன்.

"பனவடலி, பனவடலி! எம்மவ ஏறிட்டா! சத்தம் போடாதிய வே!"

அம்மா கையிலிருந்த முறத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். திரையில் நான் முழங்கினேன். இரண்டாம் நிமிடத்தில் சொல் மறந்தேன். வாய் திறந்தபடி நின்றேன். கூட்டத்தில் எவனோ விசிலடித்தான். அப்போது கேமராவின் அருகிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"தண்ணி குடி, மக்கா. அவசரமில்ல. வண்டி நிக்கும்."

அப்பா அந்த இடத்தை மறுபடி ஓட்டினார். அவர் உதடுகள் உடன் அசைந்தன. கழுத்துத் துணி சற்றே மேலெழுந்து அடங்கியது.

இப்போது மாலைதோறும் அந்த ஒன்றுதான் ஓடுகிறது. பரிசு பெற்ற பேச்சுகளை எவரும் கேட்பதில்லை. சென்ற வாரம் பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு அப்பாலிருந்து அம்மாவிடம் கேட்டாள்:

"என்ன மயினி, உம்ம மவ தோத்துப்போன பேச்சையே டெய்லி போடுதிய?"

"அதுலதாம்ளா அவிய பேசுதாவ" என்றாள் அம்மா.

நான் அறைக்குள் புத்தகத்தோடு இருந்தேன். திரையில் என் குரல் நின்றுபோகும் இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தலாமா என்று யோசித்தேன். சாத்தவில்லை.